ஆகஸ்டில் விமானம் ஏறப்போகும் டிஏக்களுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

இந்த ஆகஸ்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டீச்சிங் அசிஸ்டன்டாக, அதாவது டிஏவாக, சேரப்போகும் உங்களில் நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். பெட்டியில் எத்தனை கிலோ புளி வைக்கலாம் என்பது முதல் கேள்வி. நான் சொல்வது அதற்கு அடுத்ததை. "அண்ணா, ஓரியன்டேஷன்ல யூனியன் கார்டுன்னு ஒண்ணு நீட்டுவாங்களாமே, அதுல கையெழுத்து போடலாமா? விசாவுக்கு ஏதும் ஆயிடாதே?"

யூனியனில் உறுப்பினராகச் சேரும் படிவம்தான் அது. போடலாம். ஒன்றும் ஆகாது. போனில் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஏன் போட வேண்டும் என்பதை உட்கார்ந்து எழுதினால்தான் சரிவரும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் இவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். வீட்டில் எல்லாரும் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அதற்குக் கீழே 'ட்யூஷன் வேவர்', அதாவது கட்டண விலக்கு என்று இன்னொரு வரி இருக்கும். அதைப் பெருக்கிப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். பல இடங்களில் அந்த இரண்டாவது வரியின் மதிப்பு முதல் வரியைவிட அதிகம். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் படிப்புச் செலவும் வரவும் டாலர் குறையாமல் பொருந்தி நிற்பது அதனால்தான். விசா நேர்காணலில் 'யார் செலவு செய்கிறார்கள்' என்று கேட்டபோது நீங்கள் தைரியமாகப் பதில் சொன்னதும் அதை நம்பித்தான். பேங்க் லோன் இல்லாமல், ஊரில் இடத்தை அடமானம் வைக்காமல் நீங்கள் கிளம்புகிறீர்கள் என்றால், அந்த ஒரு வரிதான் காரணம்.

அது எவ்வளவு உறுதியானது என்று யாராவது கேட்டீர்களா? நானும் கேட்கவில்லை.

கேட்காததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. 2010இல் நான் பொறியியல் சேர்ந்தபோது முதல் பட்டதாரி கட்டணச் சலுகை அப்போதுதான் வந்திருந்தது. ஆண்டுக்கு 20,000 ரூபாய். குடும்பத்தில் வேறு யாரும் டிகிரி படிக்கவில்லை என்ற சான்றிதழுக்காக அப்பா தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கிடைத்தது. கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டோம். 'சலுகை' என்ற சொல் என் மனதில் அப்படித்தான் பதிந்துபோனது: மேலே இருப்பவர்கள் பார்த்துக் கொடுப்பது, கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வது. அமெரிக்காவில் என் முதல் ஆஃபர் லெட்டரையும் அதே கண்ணோடு படித்தேன். பல்கலைக்கழகம் பெரிய மனதோடு ஃபீஸ் வேண்டாம் என்கிறதே என்று நன்றி மெயில்கூட அனுப்பினேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. வாரம் இருபது மணி நேரம் லேப் நடத்தி, நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தி, இரவு பதினொரு மணிக்கு வரும் சந்தேக மெயில்களுக்குப் பதில் போட்டு, அதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது அது. சம்பளத்தின் ஒரு பகுதிக்கு யாராவது நன்றிக் கடிதம் எழுதுவார்களா?

மூன்றாவது வருடம் எனக்குப் பாடம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அங்கே டிஏக்களுக்கு யூனியன் ஒப்பந்தம் கிடையாது. விலக்கு கிடைக்க 25 சதவீத வேலையாவது இருக்க வேண்டும், அதாவது வாரம் பத்து மணி நேரம். அந்த செமஸ்டர் என் வேலை இரண்டு துறைகளில் பிரிந்திருந்தது: ஒன்றில் 15 சதவீதம், இன்னொன்றில் 10 சதவீதம். செமஸ்டர் தொடங்கி இரண்டாவது வாரம், மாணவர்கள் குறைவாகச் சேர்ந்தார்கள் என்று அந்தப் பத்தை ரத்து செய்துவிட்டார்கள். என்னிடம் மிச்சம் 15 சதவீதம். சம்பளம் கொஞ்சம் குறையும், சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை என் மாணவர் கணக்கில் ஒரு பில் வந்து உட்கார்ந்திருந்தது. பதினோராயிரம் டாலருக்கு மேல். வெளிமாநிலக் கட்டணம், முழுசாக.

அதோடு விடவில்லை. பாக்கி இருந்தால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாமல் கணக்கைப் பூட்டிவிடுவார்கள். பதிவு இல்லையென்றால் முழுநேர மாணவர் இல்லை. முழுநேர மாணவர் இல்லையென்றால் எஃப்-1 என்ற மாணவர் விசா இல்லை. வெளியே வேலை பார்த்து ஈடுகட்டலாம் என்றால் அதற்கும் வழி கிடையாது, வளாகத்துக்குள்ளேயே வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. யாரோ ஒருவர் எக்செல் தாளில் ஒரு எண்ணை அழித்ததற்கு நான் ஊருக்கு டிக்கெட் போட வேண்டிய நிலை. ஏழு ஆபீஸ் ஏறி இறங்கினேன். எல்லாரும் ரொம்ப இனிமையாகப் பேசினார்கள், ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் என் கைடு தன் ப்ராஜெக்ட் பணத்திலிருந்து மிச்சப் பத்து சதவீதத்தை ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலையாகக் காட்டினார், பில் மறைந்தது. அவர் நல்ல மனுஷர். ஆனால் அந்த வாரம் அவர் ஊரில் இல்லாமல் இருந்திருந்தால்?

இதை இலினாய் பல்கலைக்கழகத்தில், அர்பானா-ஷாம்பேனில், டிஏவாக இருந்த நண்பனிடம் புலம்பினேன். அவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இங்க இதுக்கு கான்ட்ராக்ட்ல ஒரு ஷரத்து இருக்கு. நாங்க கிரீவன்ஸ் போட்டிருப்போம்" என்றான். ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று முறைப்படி கொடுக்கும் புகார்தான் கிரீவன்ஸ். அவ்வளவுதான் சொன்னான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த ஷரத்து எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரிந்தது.

2009 நவம்பரில் அந்த வளாகத்தின் பட்ட மாணவர் ஊழியர் சங்கம், ஜிஇஓ என்பார்கள், இரண்டு நாள் ஸ்ட்ரைக் செய்தது. சம்பள உயர்வில் பெரிய சண்டை இருக்கவில்லை. கட்டண விலக்கைக் குறைக்க மாட்டோம் என்று நிர்வாகம் எழுத்தில் தர மறுத்ததுதான் பிரச்சினை. ஸ்ட்ரைக்குக்குப் பின் எழுத்தில் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே நுண்கலைக் கல்லூரியில், புதிதாக வருகிறவர்களுக்கு விலக்கு உள்மாநிலக் கட்டண அளவுக்குத்தான் என்று மாற்றினார்கள். வெளியூர்க்காரர்கள் மிச்சத்தைக் கட்ட வேண்டும். இந்த 'உள்மாநில அளவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓஹியோவிலிருந்து இலினாய்க்கு வருகிற அமெரிக்கப் பையனுக்கு அது ஒரு சிரமம். உங்களுக்கும் எனக்கும் அது கதவடைப்பு. நாம் எத்தனை வருடம் இருந்தாலும் மாணவர் விசாவில் இருக்கும்வரை பெரும்பாலான மாநிலங்களில் வெளிமாநிலத்தவர்தான். சங்கம் அதை நடுவரிடம் கொண்டுபோனது, தீர்ப்பு சங்கத்தின் பக்கம் வந்தது.

அப்புறம் 2018. ஒப்பந்தம் காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்தது. நிர்வாகம் கேட்டது இதுதான்: இப்போது இருப்பவர்களின் விலக்கில் கைவைக்க மாட்டோம், இனி வரப்போகிறவர்களுக்கு எவ்வளவு என்பதை நாங்களே முடிவு செய்துகொள்கிறோம். நம்மூர் ஆபீசாக இருந்தால் இந்த இடத்தில் கையெழுத்தாகியிருக்கும். 'எனக்கு வந்துடுச்சு, அடுத்தவன் பாடு அவன் பார்த்துப்பான்' என்று பேசாமல் போயிருப்போம். அவர்கள் பிப்ரவரி 26ஆம் தேதி வெளியே இறங்கினார்கள். சங்கம் பேசியது 2,700க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்காக. பிப்ரவரி முடிவில் அந்த ஊர்க் குளிர் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் சீக்கிரமே தெரிந்துகொள்வீர்கள். வகுப்புக் கட்டடங்களின் வாசலில் மறியல், பல வகுப்புகள் ரத்து, நடுவில் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து விலக்கு உறுதி ஒப்பந்தத்தில் தொடர்ந்தது, வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து. அன்று வரப்போகிறவர்களில் ஒருத்தி என் சித்தி மகள். அப்போது அவள் கோயம்புத்தூரில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள், இப்படி ஒன்று நடந்ததே அவளுக்குத் தெரியாது.

ஒப்பந்தம் இருந்தாலும் அதில் நிபந்தனைகள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இலினாயில் 25 முதல் 67 சதவீத வேலை இருக்க வேண்டும், ஒரு செமஸ்டரில் குறைந்தது 91 நாள் அந்த வேலையில் நீடிக்க வேண்டும். நடுவில் விட்டுப் போனால் விலக்கும் போய்விடும். இப்படிப்பட்ட எண்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன, ஆஃபர் லெட்டரில் இருக்காது.

ஒப்பந்தம் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலம் விஸ்கான்சினைப் பாருங்கள். மேடிசனில் உள்ள டிஏக்கள் சங்கமான டிஏஏ 1966இல் தொடங்கியது. இந்த வகைச் சங்கங்களில் அதுதான் மூத்தது. 1970இல் ஸ்ட்ரைக் செய்து முதல் ஒப்பந்தம் வாங்கினார்கள். 2011இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் அரசு ஊழியர்களின் பேரம் பேசும் உரிமையைப் பிடுங்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். பிப்ரவரி 14 அன்று டிஏக்கள் ஊர்வலமாகப் போய், பல்கலைக்கழகத்தை நேசிக்கிறோம் என்று எழுதிய காதலர் தின அட்டைகளை ஆளுநர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். பிறகு சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே படுத்துத் தூங்கிய அந்தப் பெரிய போராட்டத்துக்கு அட்டை ஊர்வலம்தான் ஆரம்பம். மசோதா நிறைவேறிவிட்டது. விலைவாசியை ஒட்டிய அடிப்படைச் சம்பளத்தைத் தவிர வேறு எதையும் பேச முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். அங்கே கட்டண விலக்கு இன்றும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பல்கலைக்கழகத்தின் கொள்கையாக இருக்கிறது. கொள்கையை மாற்ற ஒரு கமிட்டி கூடினால் போதும். ட்யூஷனைத் தவிர்த்துப் பிரித்து வசூலிக்கும் ஃபீஸை டிஏக்கள் தங்கள் சம்பளத்திலிருந்தே கட்டுகிறார்கள், அதை எதிர்த்து டிஏஏ வருடக்கணக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த ட்யூஷன், ஃபீஸ் வித்தியாசத்தில்தான் நம் ஆட்கள் முதல் செமஸ்டரிலேயே வழுக்கி விழுகிறார்கள். தமிழில் இரண்டுக்கும் 'ஃபீஸ்' என்றுதான் சொல்கிறோம். அங்கே ட்யூஷன் தள்ளுபடியானாலும் உடற்பயிற்சிக்கூடம், பேருந்து, கணினி வசதி, வெளிநாட்டு மாணவர் சேவை என்று ஒரு பட்டியல் தனியாக வரும். முதல் சம்பளம் வருமுன்னே கட்டச் சொல்வார்கள். கையில் கொண்டுபோகும் பணத்தில் அதற்குத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

கலிஃபோர்னியாவில் இன்னொரு பூதம்: வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் ட்யூஷன், ஆண்டுக்கு 15,102 டாலர். 2022 நவம்பர் 14 அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 48,000 ஊழியர்கள் ஸ்ட்ரைக் செய்தபோது அதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. சம்பளம் நன்றாகவே ஏறியது. இந்தக் கோரிக்கை முழுசாக நிறைவேறவில்லை. ஆய்வுத் தகுதித் தேர்வு முடித்தவர்களுக்கு மூன்று வருடம் விலக்கு என்ற அளவில் நின்றது. வெளிநாட்டு மாணவர்களைப் பாதிக்கும் விஷயம் பேரத்தின் கடைசி நாள்களில் கைநழுவுவது புதிதல்ல, இதைப் பற்றி எனக்கு யூனியன்கள் மீது வருத்தம் உண்டு. கூட்டம் என்றால் மூன்று மணி நேரம், உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் தீர்மானம், நம் விஷயம் வரும்போது பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். ஆனால் நாம் அந்த அறையில் எத்தனை பேர் இருந்தோம்? 2023-24இல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர், சீனாவைத் தாண்டி முதலிடம். யூனியன் கூட்டத்தில் நம் முகங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

சரி, பயத்துக்கு வருகிறேன்.

யூனியனில் சேரும் உரிமை அங்கே குடியுரிமையைப் பார்த்து வருவதில்லை. எஃப்-1 நிபந்தனைகள் முழுநேரப் படிப்பு, அனுமதித்த வேலை நேரம், முகவரி மாறினால் பத்து நாளில் தெரிவிப்பது போன்றவை. யூனியனில் உறுப்பினரா என்ற கேள்வி அவற்றில் இல்லை. அதற்காகப் பயமே வேண்டாம் என்று வீரவசனம் பேச மாட்டேன். 2025 வசந்தத்தில் வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அரசு வைத்திருக்கும் செவிஸ் பதிவேட்டில் ஆயிரக்கணக்கானவர்களின் பதிவுகள் திடீரென்று நீக்கப்பட்டன, வழக்குகளுக்குப் பின் திரும்ப வந்தன. அதைப் பார்த்துவிட்டு 'நமக்கெதுக்கு வம்பு' என்று உங்கள் அம்மா சொன்னால் நான் அவரோடு சண்டை போட மாட்டேன். அந்த நீக்கங்களுக்கும் யூனியன் கார்டுக்கும் தொடர்பு இல்லை என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். கார்டில் கையெழுத்துப் போடுவது வேறு, ஸ்ட்ரைக்கில் இறங்குவது வேறு. நியூயார்க், புளோரிடா போன்ற மாநிலங்களில் அரசு ஊழியர்கள் ஸ்ட்ரைக் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் யூனியனின் வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களுக்குக் கூட்டுப் பேரமே கிடையாது, இந்த மடல் உங்களுக்குப் பாதிதான் பொருந்தும். தனியார் பல்கலைக்கழகங்களில் டிஏ ஊழியரா மாணவரா என்பதற்கு தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2000இல் ஊழியர் என்றது, 2004இல் இல்லை என்றது, 2016இல் கொலம்பியா வழக்கில் மறுபடி ஊழியர் என்றது. ஆட்சி மாறினால் அரசாணை மாறுவது நமக்குப் பழக்கம்தானே.

2017இல் இன்னொரு பக்கத்திலிருந்து அடி விழப் பார்த்தது. அந்த நவம்பரில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வரி மசோதா, டிஏக்களின் கட்டண விலக்கையும் வருமானமாகக் கணக்கிடச் சொன்னது. கையில் 20,000 டாலர் வாங்கி, 30,000 டாலர் விலக்கு பெறுகிறவர் 50,000 டாலருக்கு வரி கட்ட வேண்டும். பார்க்காத பணத்துக்கு வரி. நாடு முழுக்க வளாகங்களில் மாணவர்கள் வெளிநடப்பு செய்தார்கள். பல்கலைக்கழகங்களும் எதிர்த்தன. அந்த ஒரு மாதம் மட்டும் நிர்வாகமும் யூனியனும் ஒரே பக்கம் நின்ற அதிசயத்தைப் பார்த்தேன். டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தில் அந்தப் பகுதி இல்லை.

சந்தா எவ்வளவு என்று கேட்டீர்கள். இடத்துக்கு இடம் மாறும். பல டிஏ சங்கங்கள் இணைந்திருக்கும் யூஏடபிள்யூ என்ற பெரிய தொழிற்சங்கத்தில் சம்பளத்தில் 1.44 சதவீதம். மாதம் 2,500 டாலர் வாங்கினால் 36 டாலர், இரண்டு பேர் இந்திய ரெஸ்டாரன்டில் ஒரு வேளை சாப்பிடும் காசு. அரசுப் பல்கலைக்கழகங்களில் அதைக் கட்டாமலும் இருக்கலாம். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஜேனஸ் வழக்கில் அரசு ஊழியர்களிடம் கட்டாயமாக எதையும் வசூலிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கும் இலினாயிலிருந்து வந்ததுதான். கட்டாதவருக்கும் ஒப்பந்தம் பொருந்தும், விலக்கும் கிடைக்கும். அதனால் நம் ஆட்கள் பலர் கணக்குப் போட்டுக் கட்டாமல் விடுகிறார்கள். புளோரிடாவில் இந்தக் கணக்கு இப்போது செல்லாது. 2023இல் வந்த எஸ்பி 256 என்ற சட்டப்படி, யூனியனில் சந்தா கட்டும் உறுப்பினர்கள் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த யூனியன் தன் அங்கீகாரத்தையே மறுபடி கேட்டு நிற்க வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் செய்வதையும் தடை செய்துவிட்டார்கள், நாமாகப் போய்க் கட்ட வேண்டும். அங்கே ஒருவர் கார்டு போடாமல் இருப்பது யூனியனுக்கு எதிராக ஒரு ஓட்டுப் போடுவதற்குச் சமம். புளோரிடாவின் கெய்ன்ஸ்வில் ஊருக்குப் போகிற இரண்டு பேரும் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

டொராண்டோவுக்குப் போகிறவர்களுக்கு இரண்டே வரி. அங்கே முறை வேறு. ட்யூஷனைக் கட்டச் சொல்லிவிட்டு உதவித்தொகையில் கொடுப்பார்கள். யார்க் பல்கலைக்கழகத்தில் கியூபி 3903 சங்கம், ட்யூஷன் ஏறினால் அந்த அளவுக்குப் பணம் திரும்ப வர வேண்டும் என்ற ஏற்பாட்டுக்காக 2000-01 குளிர்காலத்தில் 78 நாள் வெளியே நின்றது. 2015இல் அதே காரணத்துக்காக மறுபடி நின்றது. ஸ்கார்பரோவிலிருந்து பஸ் ஏறி யார்க்குக்குப் போகிற ஈழத்துப் பிள்ளைகளிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

போவதற்கு முன் துறை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். என் வேலை எத்தனை சதவீதம், எத்தனையில் விலக்கு நின்றுபோகும், விலக்கு முழு ட்யூஷனுக்கா உள்மாநில அளவுக்கா, எத்தனை செமஸ்டர் வரைக்கும், ஃபீஸில் எவ்வளவு நான் கட்ட வேண்டும். இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, யாரும் ஆஃபரை வாபஸ் வாங்க மாட்டார்கள். பதில் மெயிலில் வரட்டும், போனில் வேண்டாம். யூனியன் இருந்தால் அதன் ஒப்பந்தம் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும். விமானத்தில் பதினெட்டு மணி நேரம் இருக்கிறது, படம் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் கட்டண விலக்கு பற்றிய ஷரத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். வேலை சதவீதத்தைக் குறைத்து மெயில் வந்தால் அன்றே யூனியன் பிரதிநிதியிடம் சொல்லுங்கள், கிரீவன்ஸ் போட நாள் கணக்கு உண்டு. என்னைப் போல ஏழு ஆபீஸ் ஏறி முடிக்கும்போது அந்தக் கெடு தாண்டியிருக்கும்.

புளி இரண்டு கிலோ போதும். அங்கேயே கிடைக்கிறது.

அன்புடன்,
உங்கள் சீனியர்,
ஒரு பழைய டிஏ